நீக்கும் முன் கூப்பிடுகிறவர்

"ஏனுங்க அம்மணி, காலைல சாப்டீங்களா?"

அக்காவிடமிருந்து எனக்கு வந்த முதல் அழைப்பு இப்படித்தான் ஆரம்பித்தது. பீளமேட்டில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பொழுதுபோகாமல் இணையத்தில் ஒரு விவசாயத் தளத்தில் உறுப்பினராகி, அங்கே கொஞ்சம் சுறுசுறுப்பு காட்டியதில் அட்மின் ஆக்கிவிட்டார்கள். யார் வரம்பு மீறி எழுதுகிறார்கள் என்று பார்ப்பது, பதிவை நீக்குவது, ஆளை எச்சரிப்பது, கேட்காவிட்டால் வெளியே அனுப்புவது. சம்பளம் கிடையாது, கெட்ட பெயர் நிறைய உண்டு. பதவி கிடைத்த அன்றே உட்கார்ந்து, கண்ணில் பட்ட விளம்பரம், வசவு, வெட்டிப் பேச்சு எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கித் தள்ளியிருந்தேன். எனக்கு முன்பிருந்தே அங்கே அட்மினாக இருந்தவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மறுநாள் அவர் கூப்பிட்டபோது பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"சாப்பிட்டேன் அக்கா."

"நல்லதுங்க. நேத்து நீங்க எடுத்ததுல, மருந்து டப்பா படம் ஒண்ணு இருந்துச்சில்ல? அதப் போட்டவரக் கூப்பிட்டுக் கேட்டீங்களா?"

"விளம்பரம்தானே அக்கா. எதுக்குக் கேட்கணும்?"

"அவரு விக்கறவரு இல்லீங்க. வாங்கி ஏமாந்தவரு. யாரும் வாங்காதீங்கன்னு கீழ எழுதியிருக்காரு. கீழ வரைக்கும் படிக்கோணும் கண்ணு."

திட்டினாரா கொஞ்சினாரா என்று எனக்குக் கடைசி வரை புரியவில்லை. ஆனால் அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. அலுவலகத்தில் மேலாளர் கத்தினால்கூட நான் அசைந்து கொடுக்கிற ஆள் இல்லை. இந்தக் குரல் என்னை உட்காரவைத்துவிட்டது.

தளத்தைத் தொடங்கியவர் பம்புசெட் கம்பெனி ஒன்றில் பொறியாளர். நாங்கள் எல்லாரும் அவரை சார் என்போம். கோயமுத்தூரைச் சுற்றியுள்ள தோட்டக்காரர்கள், குத்தகை விவசாயிகள், மாடியில் நாலு தொட்டி வைத்திருக்கிறவர்கள் என்று எல்லா வகையினரும் அங்கே இருந்தார்கள். தென்னையில் வெள்ளை ஈ, தக்காளியில் இலைச்சுருட்டு, கிணற்று மோட்டார் ஏன் உறுமுகிறது, யாருடைய வாழைக்குள் யானை புகுந்தது என்று படத்தோடு கேட்பார்கள். ஒரு கேள்விக்குக் கீழே வரிசையாக வருகிற பேச்சை இழை என்று சொல்வோம். யூரியா போடலாமா கூடாதா என்று ஓர் இழை ஆரம்பித்தால் போதும், மூன்றாவது பதிலிலேயே ஒருவர் இன்னொருவரை மண்ணைக் கொன்றவன் என்பார். அவர் இவரைச் சாணி சாமியார் என்பார்.

அக்கா அந்த மாதிரி நேரங்களில் யாரையும் அதட்ட மாட்டார். இழையைப் பூட்டிவிட்டுக் கீழே ஒரு வரி எழுதுவார். "எல்லாரும் போயி சாப்பிட்டுட்டு வாங்க. சாயங்காலம் திறக்கறேன்." சாயங்காலம் சொன்னபடி திறப்பார். வயிறு நிறைந்தவர்கள் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. வந்தவர்களும் "வணக்கமுங்க" என்று தொடங்குவார்கள். அதற்கு மேல் சண்டை போடுவது அவ்வளவு சுலபமில்லை.

அவருடைய முறை ஒன்றே ஒன்றுதான். எந்தப் பதிவையும் நீக்கும் முன், எழுதியவரைப் போனில் கூப்பிடுவார். தளத்தில் சேரும்போது எல்லாரும் தொலைபேசி எண் கொடுக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் யாரும் அந்த எண்களைத் திரும்பிப் பார்த்ததில்லை. அக்காவுக்கு அதுதான் ஆயுதம். அதிலும் நீக்குகிற வேலையைத் தன் கையால் செய்ய மாட்டார். "நீங்க எழுதுனது, நீங்களே எடுத்துபோடுங்க. நான் எடுத்தா உங்களுக்குக் கவுரவக் குறைச்சலுங்க" என்பார். எதிராளி முனகுவார், வாதாடுவார், கடைசியில் எடுத்துவிடுவார். ஒரு காலத்தில் மில் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாராம். யாரோ யாரிடமோ பேசுவதற்கு நாளெல்லாம் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவர். மில்லை மூடிய பிறகு கை பரபரத்திருக்கும் போல.

ஒரு கல்லூரி மாணவன் ஒருமுறை யானை வீடியோ போட்டான். மலையடிவாரத்தில் ஒரு வாழைத் தோட்டம், அதற்குள் ஓர் ஒற்றை யானை. இடத்தின் பெயரோடு போட்டதுதான் வம்பு. அரை மணி நேரத்தில் பைக்குகள் கிளம்பிவிடும். யானையும் மிரளும், மனிதர்களும் மிதிபடுவார்கள். நான் நேராக நீக்கிவிடலாம் என்றேன். அக்கா என்னையும் இணைப்பில் வைத்துக்கொண்டே அவனைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, வீடியோ ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க. பக்கத்துல நின்னு எடுத்தீங்களா?"

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆமாங்க அக்கா! ரொம்பக் கிட்டக்கங்க!"

"உங்கம்மா பாத்தாங்களா?"

"அம்மாவுங்களா..." என்று இழுத்தான்.

"அம்மாகிட்டக் காட்டுங்க. அவங்க சரின்னு சொன்னா நான் இருக்கட்டும்னு உட்டர்றேன்."

போனை வைப்பதற்குள் பதிவு காணாமல் போயிருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "பாவமுங்க, பயந்துட்டான். நாளைக்கு ஒரு வாட்டி கூப்பிட்டு நல்லதா நாலு வார்த்தை சொல்லோணும்" என்றார். சொல்லவும் செய்தார். அந்தப் பையன் அதற்குப் பிறகு யானை வந்தால் படம் எடுப்பதற்குப் பதிலாக அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குப் போன் பண்ணுகிற ஆளாக மாறிப்போனான்.

வால்பாறையில் தேயிலைத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். பூச்சி மருந்துப் பகுதியில் தினமும் விடிந்ததும் ரோஜாப்பூ படம் போட்டு "காலை வணக்கம்" என்று எழுதுவார். எச்சரித்தோம். மன்னிப்புக் கேட்டு, அதற்கும் ஒரு ரோஜாப்பூ போட்டார். ஆளை அனுப்பிவிடலாம் என்று நாங்கள் ஒருமனதாக முடிவெடுத்த பிறகு அக்கா பேசிப் பார்த்தார். "தனியா இருக்காருங்க. விடிஞ்சா யாருக்காவது எதையாவது சொல்லோணும்னு இருக்குது, அவ்வளவுதான்." பிறகு அவரிடம், "பூவு எங்கூர்லயும் பூக்குதுங்க. உங்கூர்ல மழை பெஞ்சுதா, எவ்வளவு பெஞ்சுதுன்னு சொல்லுங்க, கீழ இருக்கறவங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். அடுத்த நாளிலிருந்து தளத்தில் "வால்பாறை மழை" என்று ஒரு பகுதி வந்தது. அணையில் எப்போது தண்ணீர் ஏறும் என்று காத்திருக்கிற விவசாயிகள் காலையில் காப்பிக்கு முன்னால் அதைத்தான் பார்த்தார்கள்.

இவ்வளவு பேரோடு பேசியவரை எங்களில் யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆண்டுக்கொருமுறை நடக்கிற சந்திப்புக்கு வரவே மாட்டார். கேட்டால், "மூஞ்சி பாத்துட்டா அப்புறம் எப்படிங்க கண்டிக்கறது?" என்பார். தன் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கத்திரிப்பூவை வைத்திருந்தார். வீடு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ இருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும். பேச்சின் நடுவே, "இருங்க, ப்ளேன் போகட்டும்" என்பார். போனில் அந்த இரைச்சல் வந்து அடங்கும். சற்று நேரத்தில் அதே விமானம் என் அலுவலக ஜன்னலுக்கு மேலே போகும். அவர் தலைக்கு மேலே போனதுதான் என் தலைக்கு மேலேயும் போகிறது என்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இப்போது யோசித்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. அம்மாவை விட்டு ஹாஸ்டலில் வளர்ந்தவளுக்கு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத் திட்டுகிற குரல் என்னவெல்லாமோ செய்துவிடும்.

பிறகுதான் ஜெயசீலன் விஷயம் வந்தது.

ஜெயசீலன் தொண்டாமுத்தூர்ப் பக்கம். அப்பா காலமெல்லாம் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். இவர் டிப்ளமோ முடித்து, ஒரு மோட்டார் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துத் தக்காளி போட்டிருந்தார். எங்கள் பக்கம் காடு என்றால் இந்த மாதிரி விளைநிலம்தான். கேட்கிறவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார். ஒரு மதியம், சொட்டுநீர் பற்றிய இழையில் பெரிய தோட்டக்காரர் ஒருவர் ஏதோ யோசனை சொன்னார். எங்கள் ஆண்டுச் சந்திப்புக்குத் தன் கல்யாண மண்டபத்தைக் கொடுக்கிறவர் அவர். ஜெயசீலன் அதற்குக் கீழே, "எங்க காட்டுல அப்படிச் செஞ்சு பாத்தேனுங்க, எனக்குச் சரிவரலீங்க" என்று எழுதினார். அவ்வளவுதான்.

மண்டபக்காரர் எழுதினார்: "எங்க காடா? உங்கப்பன் எங்க தோட்டத்துல மடை திருப்பிட்டுக் கெடந்தவன். ஒரு துண்டு நெலம் குத்தகைக்குப் புடிச்சதும் எங்களுக்கே வெவசாயம் சொல்லிக்குடுக்க வந்துட்டயா? நிக்க வேண்டிய எடத்துல நின்னு பேசு."

கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. கெட்ட வார்த்தைகளைத் தானாகப் பிடிக்கிற சல்லடை ஒன்று தளத்தில் உண்டு. அது இதைத் தொடவில்லை. சாதிப் பெயர் சொல்லக் கூடாது என்ற விதியும் உண்டு. அவர் எந்தச் சாதிப் பெயரையும் சொல்லவில்லை. நிற்க வேண்டிய இடம் என்றால் என்ன என்று இந்த மண்ணில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டுத் தோட்டத்திலும் அந்த வார்த்தை புழங்கியதுதான். ஜெயசீலன் பதில் எழுதவில்லை.

கொஞ்ச நேரத்தில் மண்டபக்காரரின் கணக்கு மூடப்பட்டது. இழை பூட்டப்பட்டது. அந்தப் பதிவு மட்டும் அப்படியே இருந்தது. அதன் கீழே அக்காவின் வரி: "இவர் இனி இங்கே எழுத மாட்டார்." சாப்பிட்டுவிட்டு வாங்க என்றெல்லாம் எதுவும் இல்லை.

தளமே அதிர்ந்துவிட்டது. மருந்து விற்கிறவனையும் வசை பாடுகிறவனையும்கூட ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பாதவர், ஒரு பெரிய மனிதரைக் கேட்காமலே அனுப்பிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். மண்டபக்காரர் சாரிடம் குதித்திருக்கிறார். சார் அக்காவையும் என்னையும் ஒரே இணைப்பில் கூப்பிட்டார்.

"எந்த விதிய மீறிட்டாருன்னு வெளிய அனுப்புனீங்க? அதுல ஒரு கெட்ட வார்த்தை காட்டுங்க பாக்கலாம்."

"ஒண்ணும் இல்லீங்க சார். அத்தனையும் நல்ல வார்த்தைதானுங்க."

"அப்புறம்? எல்லாருக்கும் போன் பண்றவங்க இவருக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"கூப்பிட்டு நான் என்னங்க கேக்கறது? சாப்டீங்களான்னா?"

அதுவரை அந்தக் குரலில் அப்படி ஒரு வறட்சியை நான் கேட்டதில்லை. சார் இறங்கி வந்தார்.

"சரி, விடுங்க. அந்தப் பதிவ அழிச்சுபோடலாம். அவர உள்ள எடுத்துக்கலாம். சந்திப்பு வேற நெருங்கிருச்சு. யாருக்கும் சங்கடமில்லாம முடிஞ்சிரும்."

"ஆளு போகட்டுமுங்க. பதிவு இருக்கோணும்."

"அவ்வளவு அசிங்கம்னுதானம்மா அவர வெளிய அனுப்புனீங்க? அத எதுக்கு வெச்சுக்கிட்டு?"

"ஜெயசீலனக் கூப்பிட்டனுங்க. எடுத்துபோடட்டுமாங்க தம்பின்னு கேட்டேன். எடுத்துட்டா நடக்கவே இல்லன்னு ஆயிருமுங்க, சிரிச்சவங்க பேரோட அப்படியே இருக்கட்டும்னு சொன்னாரு. சரிங்க, அழிக்க மாட்டோம்னு வாக்குக் குடுத்துபோட்டேன்."

அன்றும் அக்கா போன் பண்ணித்தான் இருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. யாருக்குப் பண்ண வேண்டும் என்பதில்தான் அவருக்குக் குழப்பமே இல்லை. நான் சாரிடம் சத்தம் போட்டேன். மண்டபம் இல்லாவிட்டால் புளியமரத்தடியில் கூடுவோம் என்றேன். சார் யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். அக்கா கொடுத்த வாக்கு நிற்குமா போகுமா என்பதுதான் எனக்கு அன்று முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. விதியில் எங்கேயாவது ஒரு வரி அகப்படாதா என்று தேடித் தேடிப் படித்தேன்.

மறுநாள் காலை பதிவு இல்லை. சிரிப்புப் பொம்மைகளும் இல்லை. மண்டபக்காரர் "நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்" என்று எழுதியிருந்தார். அட்மின்கள் பட்டியலில் கத்திரிப்பூ இல்லை. ஜெயசீலனின் கணக்கும் அன்றோடு அமைதியாகிவிட்டது.

அக்கா கூப்பிட்டார். சாப்டீங்களா என்று கேட்கவில்லை.

"நான் வெளிய வந்துட்டனுங்க அம்மணி."

"போகாதீங்க அக்கா. நான் இன்னொரு தடவ சார்கிட்டப் பேசறேன்."

"கோவமெல்லாம் இல்லீங்க. தளம் அவரோடது, அவரு அழிக்கறாரு. ஆனா அந்தத் தம்பிக்கு வாக்குக் குடுத்தது நானில்லீங்களா? காலைலருந்து போனக் கையில வெச்சுட்டு உக்காந்திருக்கேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"நான் சொல்லட்டுமா அக்கா?"

"வேண்டாங்க. சொன்ன வாயிதான் சொல்லோணும்." அதற்குள் விமானம் வந்துவிட்டது. "இருங்க" என்றார். இரைச்சல் அடங்கியதும், "வெச்சர்றனுங்க கண்ணு" என்றார். என் ஜன்னலுக்கு மேலே அது கடந்து போனபோது நான் போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றேன்.

அதற்குப் பிறகு இரண்டொரு முறை பேசினோம். நலம் விசாரித்தார், தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு எண் மாறிவிட்டது. மகளிடம் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. நானும் அந்த ஆண்டுச் சந்திப்புக்கு முன்பே தளத்திலிருந்து விலகிவிட்டேன்.

இப்போது குடியிருப்பு வாட்ஸ்அப் குழு, பள்ளிப் பெற்றோர் குழு என்று ஏகப்பட்ட இடங்களில் இருக்கிறேன். எங்கேயும் ஒருவரைப் பிடிக்காவிட்டால் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள், ஆள் வெளியேற்றப்பட்டார் என்று ஒரு வரி வருகிறது, அடுத்த நொடி யாரோ லட்டுப் படம் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு அக்காவின் நினைவு வந்துவிடும். யாராவது கூப்பிட்டார்களா, என்னப்பா ஆச்சு என்று கேட்டார்களா என்று நினைப்பேன். மனிதர்களை மனிதர்களாக நடத்த ஒரு போன் போதும் என்று நம்பியவர், பண்ண முடியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஒரு போனை என்ன செய்தார் என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

சென்ற வருஷம் ஒரு வேளாண் கண்காட்சிக்குப் போயிருந்தேன். நாற்றுப் பண்ணைக் கடை ஒன்றின் பலகையில் ஜெயசீலன் என்ற பெயரைப் பார்த்து நின்றேன். அவரேதான். தளத்தில் நான் யார் என்று சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ சொல்லி அனுப்பினார். பொதுப்படையாகப் பேசிவிட்டு, மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா உங்களக் கூப்பிட்டாங்களா? கடைசில?"

"இல்லீங்களே."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கேட்டிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

"நேர்லயே வந்துட்டாங்க" என்றார் ஜெயசீலன். "ஊருக்கு பஸ்ல வந்து, வழி கேட்டுக் கேட்டு நடந்தே வந்திருக்காங்க. நானும் அப்பாவும் தக்காளி பறிச்சுட்டு இருந்தோம்."

"எப்படி இருப்பாங்க?" என்று நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன்.

"குள்ளமுங்க. வெள்ளைத் தலை. தடிக் கண்ணாடி. வெயிலுக்கு முந்தானைய எடுத்துத் தலைல போட்டிருந்தாங்க. வாயத் தெறந்து 'ஏனுங்க தம்பி'ன்னாங்க, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல." அவர் கண்கள் நாற்றுத் தட்டுகளின் மேல் இருந்தன. "வரப்புலயே செருப்பக் கழட்டி வெச்சுபோட்டு உள்ள எறங்குனாங்க. முள்ளு கெடக்குதுங்க, போட்டுட்டே வாங்கன்னேன். கேக்கல. பக்கத்துல வந்து, 'அழிச்சுபோட்டாங்க கண்ணு. அழிக்க மாட்டோம்னு உங்களுக்குச் சொன்னது நானு. என்னால முடியல. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்'னாங்க. தண்ணி குடுத்தோம், குடிச்சாங்க. அவ்வளவுதானுங்க, போயிட்டாங்க."

டீ வந்தது. ஜெயசீலன் தன்னுடையதைத் தொடவில்லை.

"எங்கப்பா அந்த மண்டபக்காரரு தோட்டத்துக்குள்ள ஆயுசுக்கும் செருப்புப் போட்டு நடந்ததில்லீங்க. நடக்க முடியாது. அக்கா போனதுக்கப்புறம் ரொம்ப நேரம் அந்த வரப்பையே பாத்துட்டு நின்னாரு. 'யாரு சாமி அது, நம்ம காட்டுக்குள்ள செருப்பக் கழட்டிட்டு வர்றாங்க'ன்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றதுங்க? 'போன்ல பேசுவாங்கப்பா'ன்னு சொன்னேன்."

நான் தலையை ஆட்டினேன். அந்தக் குரலைக் கேட்டு எனக்கு வருஷங்களாகிறது.